கையில் கம்பியைக் கொடுத்துச் சிறுநீரகத்தைச் சோதிக்கும் முகாம்கள்: ஓர் எச்சரிக்கை

மண்டபம், பாம்பன் பக்கத்துக் கடலோர ஊர்களில் மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது விசைப்படகுகள் கரையில் நிற்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான நாட்களில், சர்க்கரை நோயின் பின்விளைவுகளை முன்கூட்டியே கண்டுபிடித்துத் தருவதாகச் சொல்லி ஒரு தனியார் குழுவினர் இலவச முகாம் நடத்துகிறார்கள். அங்கே என் அத்தைக்கு நேர்ந்ததை எழுதுகிறேன்.

அத்தை பாசி எடுக்கப் போகிறவர். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதால் பாதம் மரத்துப்போய், பாறை கிழித்தாலும் கரைக்கு வந்து இரத்தத்தைப் பார்த்த பிறகே தெரியும் நிலைக்கு வந்திருந்தார். முகாமில் அவர் கையில் மடிக்கணினியுடன் இணைத்த ஓர் உலோகக் கம்பியைக் கொடுத்து ஒரு நிமிடம் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். ஊசி போடவில்லை, இரத்தமோ சிறுநீரோ எடுக்கவில்லை. ஆனாலும் வண்ண வண்ணமாகப் பல பக்க ரிப்போர்ட் வந்தது. அதில் சிறுநீரகம் இயல்பு, நரம்பு இயல்பு, ஆனால் 'ஏ.ஜி.இ. நச்சு' மிகுதி, 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்' மிகுதி என்று அச்சாகியிருந்தது. அதைக் காட்டி 8,400 ரூபாய்க்குப் பொடியும் மாத்திரைகளும் விற்றார்கள். "இனிமேல் சுகர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் போதும் அம்மா, பொடி உள்ளே இருப்பதைச் சுத்தம் செய்துவிடும்" என்று சொன்னது பணத்தைக் காட்டிலும் பெரிய கேடு.

அவர்கள் பயன்படுத்திய சொற்கள் பொய்யல்ல என்பதுதான் இதிலுள்ள தந்திரம். இரத்தத்தில் சர்க்கரை கூடும்போது விழித்திரை, சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றின் செல்களும் இரத்தக்குழாயின் உட்சுவர்ச் செல்களும் உள்ளே வரும் குளுக்கோசைக் கட்டுப்படுத்த முடியாமல் திணறுகின்றன. மிகுதியான குளுக்கோசின் ஒரு பகுதியை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சார்பிட்டாலாக மாற்றுகிறது. அந்த வேலையில், செல்லின் தற்காப்புக்குத் தேவையான குளுட்டாதையோனைப் புதுப்பிக்கும் பொருளும் செலவாகிவிடுகிறது. இன்னொரு பகுதி புரதங்களோடு ஒட்டி ஏ.ஜி.இ. எனப்படும் சேர்மங்களாகி, அவற்றுக்கான ஏற்பிகளைத் தூண்டி அழற்சியைக் கிளப்புகிறது. இவற்றோடு புரோட்டீன் கைனேஸ் சி, ஹெக்சோசமைன் என்ற வேறு இரண்டு வேதிப் பாதைகளையும் சேர்த்து, நான்கும் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் பெருகும் சூப்பர் ஆக்சைடு என்ற, செல்லைத் தாக்கும் ஆக்சிஜன் வடிவத்திலிருந்தே (இத்தகையவற்றின் மிகுதிதான் 'ஆக்சிஜனேற்ற அழுத்தம்') கிளம்புகின்றன என்ற கருத்தை 2001இல் அமெரிக்க நீரிழிவு ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ முன்வைத்தார். ஆல்டோஸ் ரிடக்டேசைத் தடுக்கும் மருந்துகளைப் பல நிறுவனங்கள் பல ஆண்டுகள் சோதித்தும் பெரும்பாலானவை ஏமாற்றமே தந்தன. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பொடி வந்து 'சுத்தம் செய்யும்' என்றால் யார்தான் நம்புவது? ஏ.ஜி.இ. அளவை அறிய ஆய்வகத்தில் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும், அல்லது தோலில் ஒளி பாய்ச்சி அது மின்னும் அளவைப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் பிடித்த கம்பிக்கு அது எட்டாது.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர், போன மாதத்து மாத்திரை பாதி மிச்சமிருப்பதைக் கண்டு விசாரித்ததால்தான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது. அத்தையை இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். அங்கே சிறுநீரில், சிறுநீரகம் பழுதானால் கசியும் ஆல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியேட்டினின் என்ற கழிவுப்பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்தார்கள். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டிய ஆல்புமின் 180 இருந்தது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடும் உழைப்பு ஆகியவற்றாலும் இது தற்காலிகமாகக் கூடலாம் என்பதால், ஒரே சோதனையை வைத்து முடிவு செய்யாமல் சில வாரங்கள் விட்டு மறுபடியும் பார்த்தார்கள். அப்போதும் கூடுதலாகவே இருந்தது. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டபோது பல இடங்களில் அவருக்கு உணர்வே இல்லை. அந்த வண்ண ரிப்போர்ட் 'இயல்பு' என்று சொன்ன இரண்டு உறுப்புகளும் இவைதான்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி என்று நாம் நம்பும் எச்.பி.ஏ.1.சி. சோதனைகூட, இரத்தச் சிவப்பணுக்களின் ஆயுளைச் சார்ந்தது. இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். நம் பக்கத்துப் பெண்களில் இரத்தசோகை சாதாரணம் என்பதால், ஹீமோகுளோபின் அளவையும் சேர்த்துப் பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள். கண்ணின் உட்பகுதியைப் படமெடுத்துப் பார்ப்பதையும் ஆண்டுக்கு ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். இவற்றில் எதற்கும் ஆயிரக்கணக்கில் பணம் தேவையில்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அது மருந்தல்ல, உணவுப்பொருள்தான் என்று முகாம்காரர் தொலைபேசியிலேயே கையை விரித்தார். பில்லில் முகவரி கிடையாது. அவர்கள் ஊரில் கொடுத்துப்போன துண்டுச்சீட்டிலோ, சர்க்கரை நோயை வேரோடு நீக்கும் என்று அச்சிட்டிருக்கிறது. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் ஒரு மத்தியச் சட்டம் தடை செய்கிறது. எனவே துண்டுச்சீட்டு, ரிப்போர்ட், பொடி டப்பா, மருத்துவமனைச் சோதனை முடிவு எல்லாவற்றின் நகலையும் இணைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் தயாரித்து வருகிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இலும் பதிவு செய்திருக்கிறோம்.

அதே முகாமில் வாங்கியவர்கள் டப்பாவையும் துண்டுச்சீட்டையும் தூக்கி எறியாமல் வைத்திருங்கள். மாத்திரையைக் குறைத்திருந்தால் இன்றே மருத்துவரைப் பாருங்கள்.