ஒளிரும் ஆர்கேட் பட்டன்: கழற்றிப் பார்த்தால் எது தேறும்?

அணிகள் முந்தி அழுத்திப் பதில் சொல்லும் வினாடி வினாப் பெட்டி ஒன்று செய்வதற்காக, ஆர்கேட் எனப்படும் வீடியோ கேம் இயந்திரங்களில் வருவதுபோன்ற ஒளிரும் பட்டன்கள் இரண்டு வகை வாங்கினேன். ஒன்று 60 மி.மீ. குமிழ் பட்டன். தலை அரைக்கோளமாக உப்பியிருக்கும், பலகைக்குப் பின்னால் நட் போட்டு இறுக்க வேண்டும். இன்னொன்று 30 மி.மீ. துளையில் வைத்து அழுத்தினால் டக்கென்று கவ்விக்கொள்ளும் தட்டை பட்டன். ஜப்பானின் சான்வா நிறுவனத்து ஓபிஎஸ்எஃப்-30 பட்டனும் இதே அளவுதான். நான் வாங்கியது அதே வடிவில் எல்இடி வைத்த வேறு தயாரிப்பு. வெளியே பார்க்க இரண்டும் அழகு. பிரித்து மேசையில் பரப்பிய பிறகுதான் சங்கதி தெரிந்தது.

குமிழ் பட்டனுக்கு ஸ்க்ரூடிரைவரே தேவைப்படவில்லை. பின்னால் உள்ள ஹோல்டரைப் பிடித்து லேசாகத் திருகினால், வீட்டில் குண்டு பல்பைக் கழற்றுவதுபோல் கையோடு வந்துவிடுகிறது. அழுத்தும்போது மின்சுற்றைச் சேர்க்கும் குட்டி மைக்ரோ சுவிட்ச் அதிலேயே ஒட்டியிருக்கிறது. நுனியில் டி10 விளக்கு. காரின் பார்க்கிங் லைட்டில் வருமே, அதே ஆப்பு வடிவ அடிப்பாகம். இழுத்தால் வந்துவிடும். பிறகு உள்ளிருக்கும் இரண்டு கொக்கிகளை உள்நோக்கி அழுத்தினால் தலைப்பாகம் ஸ்பிரிங்கோடு முன்பக்கம் வெளிவருகிறது. கீழே ஒரு துணி விரித்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் தெறித்தால் தேடி மாளாது. நிறக் குமிழுக்கும் அதன் கீழுள்ள வெள்ளைத் தட்டுக்கும் நடுவே, அணியின் எண்ணை எழுதிய வட்டக் காகிதத்தைச் செருகலாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

விளக்கைத் தனியே எடுக்க முடிவதன் அருமை வோல்டேஜ் விஷயத்தில்தான் புரியும். என்னுடையது 12 வோல்ட் விளக்கு. பெட்டியை இயக்கும் என் சர்க்யூட் போர்டு தருவதோ 5 வோல்ட். சிவப்பு ஓரளவு எரிந்தது, நீலம் அழுது வடிந்தது. உள்ளே எல்இடியோடு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 470 ஓம் ரெசிஸ்டர். சிவப்பு எல்இடி சுமார் 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், நீலம் சுமார் 3.2. 5 வோல்ட்டில் மிஞ்சுவதை 470-ஆல் வகுத்தால் சிவப்புக்கு 6 மில்லி ஆம்பியருக்குச் சற்று மேல், நீலத்துக்கு 4-கூட இல்லை. ரெசிஸ்டரை எடுத்துவிட்டு சிவப்புக்கு 150 ஓம், நீலத்துக்கு 100 ஓம் சால்டர் செய்தேன். இரண்டும் 20 மில்லி ஆம்பியரை நெருங்கிப் பளிச்சென்று எரிகின்றன.

தட்டை பட்டனில் இந்த வேலை நடக்கவில்லை. பக்கவாட்டுக் கொக்கியை மெல்லிய ஊசியால் நெம்பினேன். பிளாஸ்டிக் வெளுத்து, இரண்டாவது முறை உடைந்தே போனது. எல்இடியின் கால்கள் அடிப்பாகத்து டெர்மினல்களோடு, அதாவது வயர் மாட்டும் முனைகளோடு, சால்டர் செய்யப்பட்டிருந்தன. விளக்கு போனால் நல்ல சுவிட்சும் அதோடு போகும். ஆனால் அழுத்தத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. விரல் பட்டாலே போதும், உடனே பதில் கிடைக்கும். பலகைக்குப் பின்னால் ஆழமும் கொஞ்சமே கேட்கிறது. மணிக்கணக்கில் தட்டும் சண்டை விளையாட்டுகளுக்கு இதைத்தான் வாங்குவேன். குமிழ் பட்டனை உள்ளங்கையால்தான் அடிக்க வேண்டும்.

ஓரத்தில் வளையமாக ஒளிரும் எஃகு பட்டன்களும் உண்டு. தண்ணீர் புகாதபடி மூடி முத்திரையிட்டவை. திறக்க முடியாது என்பதால் இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை.

சுவிட்சிலும் குமிழ் பட்டனே முந்துகிறது. பொது முனை, அழுத்தினால் சேர்வது, அழுத்தினால் பிரிவது என்று மூன்று டெர்மினல்கள் அதில் இருக்கின்றன. எது எதுவென்று மல்டிமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு வயர் மாட்டுங்கள். சுவிட்ச் தேய்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். திரும்பப் பூட்டிய பின் விளக்கு எரியவில்லை என்றால் பயப்பட வேண்டாம், எல்இடிக்குப் பிளஸ், மைனஸ் உண்டு. விளக்கை உருவித் திருப்பிச் செருகினால் எரியும்.

அணிகளுக்கு நான்கு குமிழ் பட்டன்களையே வைத்துவிட்டேன். நடத்துபவரின் ரீசெட்டுக்கு மட்டும் ஒரு தட்டை பட்டன். அது போனால் முழுசாக மாற்ற வேண்டியிருக்கும் என்று பின்னால் வயரைக் கொஞ்சம் நீளமாகவே விட்டிருக்கிறேன்.