மூளைக் கட்டி நோயாளிக்கு எந்த அளவுகோல்? என் ஓட்டு லாட்டனுக்கு

மதுரையில் வீடுகளுக்கே போய்ப் பார்க்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பயிற்சி தருபவர்) நான். மூளைக் கட்டிக்கு ஆபரேஷன் முடிந்து திரும்பியவர்களின் அன்றாடச் செயல்திறனைக் குறிக்க கார்னோஃப்ஸ்கி, பார்த்தெல், லாட்டன் என்ற மூன்று அளவுகோல்களையும் வைத்துப் பார்த்தேன். இப்போது லாட்டன்தான் எனக்கு முதல்.

கார்னோஃப்ஸ்கி 1940களில் வந்தது. 0 முதல் 100 வரை, பத்துப் பத்தாக ஏறும். 70 என்றால் தன்னைத் தானே பார்த்துக்கொள்வார், வேலைக்குப் போக முடியாது. டாக்டர்கள் கேட்பது இந்த எண்ணைத்தான், போடவும் ஒரு நிமிடம் போதும். சரி, அது இருக்கட்டும்.

பார்த்தெல் 1965-ல் வெளியானது. சாப்பாடு, குளியல், உடை, கழிப்பறை, மாடிப்படி என்று 10 கேள்விகள். பக்கவாதத்துக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் மூளைக் கட்டியில் பலருக்குக் கை கால் நன்றாகவே இருக்கும். சறுக்குவது கணக்கும் நிதானமும்தான். மூளையின் முன்பகுதியான முன்மடலில் கட்டி எடுத்த ஒருவர், மேலூர்ப் பக்கம் டீக்கடை. பார்த்தெலில் 100-க்கு 100. அவர் மனைவி சொன்னது வேறு: “நல்லாத்தான் இருக்காரு சார். ஆனா நூறு ரூபாய்க்குச் சில்லறை குடுக்க முடியல. வலிப்பு மாத்திரையப் போட்டத மறந்துட்டு மறுபடியும் போடுறாரு.”

1969-ல் வந்த லாட்டன் இதைத்தான் 8 கேள்விகளாகக் கேட்கிறது: போன், கடை, சமையல், வீட்டு வேலை, துணி, பயணம், மாத்திரை, பணம். பார்த்தெல் 100-லேயே நிற்கும்போது இதில் ஒவ்வொன்றாகக் குறையத் தொடங்கும். மாத்திரை வரி ஒன்றுக்காகவே இதை எடுப்பேன். வலிப்பு மாத்திரை விட்டுப்போனால் வலிப்பு வரலாம். மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் ஸ்டீராய்டை டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும், சட்டென்று நிறுத்தக் கூடாது. அந்த வரியில் மதிப்பெண் குறைந்தால் மாத்திரை டப்பாவை யார் கையில் கொடுப்பது என்று அன்றைக்கே பேசிவிடலாம். ஏன் குறைந்தது என்று லாட்டன் சொல்லாது. கட்டி திரும்பியதா, மருந்தா, மனச்சோர்வா என்று டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

குறையும் உண்டு. ஆண்களுக்குச் சமையல், வீட்டு வேலை, துணி மூன்றையும் விட்டுவிட்டு மீதி 5 கேள்விகளுக்கு மட்டும் மதிப்பெண் போடுவது பழைய முறை. பரோட்டா மாஸ்டரிடம் சமையலைக் கேட்காமல் விடுவதா? நான் எல்லாருக்கும் 8-ம் கேட்டு, ‘நோய்க்கு முன்னாடி செய்தாரா?’ என்று பக்கத்தில் குறிக்கிறேன். அப்புறம், பதிலை வீட்டாரிடமும் கேட்க வேண்டும். நோயாளியைக் கேட்டால் பெரும்பாலும் ‘எல்லாம் நானே செய்றேன்’தான்.

மூளைக் கட்டிக்கென்றே 32 கேள்விகளோடு ஐரோப்பாவில் ஒரு படிவம் உருவாக்கியிருக்கிறார்கள். படித்ததோடு சரி, யாரிடமும் போட்டுப் பார்த்ததில்லை. குழந்தைகள் விஷயத்திலும் எனக்கு அனுபவம் குறைவு.

படுக்கையில் விழுந்தவருக்கு லாட்டனில் எல்லாமே 0 ஆகிவிடும், அங்கே பார்த்தெல்தான் உதவும். ஸ்டீராய்டு நாள்பட்டால் தொடைத் தசை தளரும் என்பதால், கழிப்பறைக் கேள்விக்கு எதிரே ‘இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்து எழ முடிகிறதா’ என்று தனியாக எழுதிக்கொள்வேன்.