ஆன் ஆகாத டெஸ்க்டாப்: பேப்பர் கிளிப்பா, மல்டிமீட்டரா, பத்து ரூபாய் ஸ்பீக்கரா?

"கம்ப்யூட்டர் ஆன் ஆகலை" என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது ஃபேன் சுற்றுகிறதா என்பதுதான். பொத்தானை அழுத்தியும் எந்த அசைவும் இல்லை என்றால் அது ஒரு கோளாறு. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, ஆனால் டிஸ்ப்ளே வரவில்லை என்றால் அது வேறு கோளாறு. முதலாவதில் மின்சாரமே போய்ச் சேரவில்லை. இரண்டாவதில் மின்சாரம் சேர்ந்தும் போர்டு (எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கும் மதர்போர்டு) தன் ஆரம்பச் சோதனையைத் தாண்டவில்லை. விண்டோஸ் லோகோ வரை வந்து நிற்பது மூன்றாவது ரகம். அதை இங்கே எடுக்கவில்லை. சோதனைக் கருவிகள் என்று விற்பவற்றில் ஒன்றுகூட இந்த இரண்டுக்கும் பொதுவானது இல்லை. எது எதற்கு என்று தெரியாமல் வாங்கினால் காசு தண்டம்.

அசைவே இல்லாத மெஷினுக்கு

சுவர் சுவிட்ச், யுபிஎஸ், எஸ்எம்பிஎஸ்ஸின் (கேபினெட்டுக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச் எல்லாம் பார்த்தாயிற்று. மானிட்டரின் பவர் கேபிளை உருவி எஸ்எம்பிஎஸ்ஸில் மாட்டியும் பார்த்தாயிற்று (பெரும்பாலும் இரண்டும் ஒரே மாதிரிக் கேபிள்தான்). அப்புறம் முன்னால் நிற்பவை மூன்று வழிகள்.

பேப்பர் கிளிப் முறைக்குச் செலவே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வரும் பெரிய 24 பின் கனெக்டரைப் போர்டிலிருந்து கழற்றி, பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் கிளிப்பால் சேர்த்துவிட்டு மின்சாரம் கொடுத்தால், எஸ்எம்பிஎஸ் தனியாக ஓட வேண்டும். சத்தம் குறைந்த மாடல்கள் சிலவற்றில் லோடு (மின்சாரத்தை இழுக்கும் பாகம்) இல்லாதபோது உள் ஃபேன் சுற்றாது. அதனால் ஒரு பழைய கேபினெட் ஃபேனையாவது மாட்டிவிட்டுப் பார்க்க வேண்டும். அப்படியும் ஓடாவிட்டால் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது, நம்பலாம். ஓடினால்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஃபேன் சுற்ற 12 வோல்ட் லைன் மட்டும் போதும். 5 வோல்ட் சரிந்திருக்கிறதா, லோடு ஏறினால் தாங்குமா என்பதற்கெல்லாம் கிளிப்பிடம் பதில் கிடையாது.

திரை வைத்த எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் இதைவிட மேல். கனெக்டரைச் செருகினால் ஒவ்வொரு லைனின் வோல்ட்டேஜையும் காட்டிவிடும். ஆனால் அதுவும் எஸ்எம்பிஎஸ்ஸைப் போர்டிலிருந்து பிரித்து, சொற்ப லோடில்தான் சோதிக்கிறது. தினமும் நாலு மெஷின் பார்ப்பவருக்கு நேரம் மிச்சம். வீட்டுக்கு ஒன்று வாங்கி வைக்க வேண்டிய பொருள் இல்லை.

என் ஓட்டு மல்டிமீட்டருக்கு. சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. அதைவிட முக்கியம், போர்டில் மாட்டிய நிலையிலேயே பார்க்கலாம். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையைக் கேபினெட்டின் பெயிண்ட் இல்லாத ஸ்க்ரூவில் தொட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு முனையை 24 பின் கனெக்டரின் பின்பக்கம், வயர் நுழையும் இடுக்கில் இறக்குங்கள். முதலில் ஊதா வயர், அதாவது 9ஆம் பின். கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தாலும் சுவர் சுவிட்ச் ஆனில் இருக்கும்வரை இங்கே 5 வோல்ட் இருந்தே ஆக வேண்டும். சுத்தமாக இல்லை என்றால் சந்தேகம் நேராக எஸ்எம்பிஎஸ் மேல். அங்கே 5 வோல்ட் இருந்தால் பச்சை வயர், 16ஆம் பின். ஆஃப் நிலையில் அதில் சில வோல்ட் நிற்கும்; பவர் பொத்தானை அழுத்தியதும் பூஜ்யத்துக்கு அருகே விழ வேண்டும். விழவே இல்லையென்றால் "ஆன் ஆகு" என்ற உத்தரவே எஸ்எம்பிஎஸ்ஸுக்குப் போகவில்லை. கோளாறு பொத்தானிலோ, அதன் மெல்லிய வயரிலோ, போர்டிலோ இருக்கிறது. விழுந்தும் மெஷின் ஓடவில்லை என்றால் ஒன்று எஸ்எம்பிஎஸ் அவுட், இல்லையென்றால் போர்டில் எங்கோ ஷார்ட். கனெக்டரைக் கழற்றிக் கிளிப் போட்டால் எது என்று பிரிந்துவிடும். கிளிப்புக்கு உண்மையான வேலை இங்கேதான்.

ஓடிக்கொண்டிருக்கும்போது மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையும், சிவப்பு வயரில் 4.75 முதல் 5.25 வரையும் இருக்கலாம். அதாவது ஐந்து சதவீதம் முன்னே பின்னே. எல்லா வயரும் கறுப்பாக வரும் புது எஸ்எம்பிஎஸ்களில் நிறத்தை நம்ப முடியாது, பின் படத்தைப் பார்த்துத்தான் எண்ண வேண்டும். டெல், ஹெச்பி பிராண்டட் மெஷின்கள் சிலவற்றில் 24 பின் கனெக்டரே இருக்காது. அங்கே இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

ஒன்று மட்டும் கண்டிப்பு. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது 320 வோல்ட்டைத் தாண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கெபாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கலாம்.

ஃபேன் சுற்றியும் டிஸ்ப்ளே இல்லாத மெஷினுக்கு

எந்தக் கருவிக்கும் முன்னால் சில அற்ப விஷயங்கள். கிராஃபிக்ஸ் கார்டு இருக்கும்போது மானிட்டர் கேபிள் போர்டில் செருகியிருக்கிறதா? ஐ5 12400எஃப், ரைசன் 5 5600 மாதிரி பிராசஸர்களுக்குச் சொந்த டிஸ்ப்ளே கிடையாது. கார்டு இல்லாமல் திரை கறுப்பாகத்தான் இருக்கும். பிராசஸர் அருகே செருக வேண்டிய 12 வோல்ட் கனெக்டரை மறந்தாலும் ஃபேன் பாட்டுக்குச் சுற்றும், மற்றபடி ஒன்றும் நடக்காது. புதிதாக டிடிஆர்5 ரேம் போட்டிருந்தால் முதல் தடவை சில நிமிடம்கூடக் கறுப்புத் திரை நிற்கலாம். பதறி ஆஃப் செய்துவிடாதீர்கள்.

இதெல்லாம் சரி என்றால் போட்டி போஸ்ட் கார்டுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே. போஸ்ட் கார்டு என்பது ஸ்லாட்டில் செருகினால், ஆரம்பச் சோதனை எங்கே நின்றது என்பதை இரண்டு இலக்கக் குறியீடாகக் காட்டும் சின்ன அட்டை. பிசிஐ ஸ்லாட் இருந்த காலத்தில் அது ராஜா. இன்றைய போர்டுகளில் அந்த ஸ்லாட்டே இல்லை, பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாக அந்தக் குறியீடு பெரும்பாலும் வருவதும் இல்லை. புது மெஷினுக்கு இதை வாங்காதீர்கள்.

ஸ்பீக்கர் என்பது கோளாறைப் பீப் சத்தத்தால் சொல்லும், நாலு பின் கனெக்டரோடு வரும் விரல்நுனி அளவுப் பொருள். இப்போது போர்டோடு தருவதில்லை, ஆனால் அதைச் செருகும் இடம் பல போர்டுகளில் இன்னும் இருக்கிறது. பீப் எண்ணிக்கையின் பொருள் பயாஸுக்குப் பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டின் சொந்த புரோகிராம்) மாறும். நான் அந்தப் பட்டியலை அதிகம் பார்ப்பதில்லை. எனக்குப் பிடித்த சோதனை வேறு. பிளக்கை எடுத்துவிட்டு ரேம் அத்தனையையும் கழற்றி, மறுபடி ஆன் செய்யுங்கள். பீப் கத்தினால் சந்தோஷப்படலாம். பிராசஸர் உயிரோடு இருக்கிறது, பயாஸ் ஓடுகிறது, ரேம் இல்லாததைக் கண்டுபிடிக்கும் அளவுக்குப் போர்டுக்கு நிதானம் இருக்கிறது. அப்புறம் ஒரே ஒரு ரேமை, காண்டாக்டை ரப்பரால் தேய்த்துத் துடைத்து, ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். நிறையப் பேருக்கு இங்கேயே டிஸ்ப்ளே வந்துவிடும். ரேம் இல்லாமலும் மௌனம் என்றால் போர்டு, பிராசஸர், அல்லது 12 வோல்ட் லைன்.

போர்டிலேயே சிபியு (பிராசஸர்), டிராம் (ரேம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் என்று நாலு சின்ன விளக்குகள் இருந்தால் ஸ்பீக்கர்கூட வேண்டாம். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே பிரச்சினை. எம்எஸ்ஐ, ஆசஸ் போர்டுகள் பலவற்றில் இது உண்டு. அடுத்த போர்டு வாங்கும்போது வண்ண விளக்கை விட்டுவிட்டு இதைப் பார்த்து வாங்கலாம்.

கடையா, இரவல் பாகமா?

மீட்டரும் ஸ்பீக்கரும் ஓரளவுக்குத்தான் கொண்டுபோகும். போர்டா பிராசஸரா என்பதைப் பிரிக்க, நன்றாக ஓடும் இன்னொரு பாகத்தை மாட்டிப் பார்ப்பதைவிட உறுதியான வழி இல்லை. கடையின் பலமே அதுதான், அங்கே அலமாரி நிறைய பாகம் இருக்கும். பலவீனம், "போர்டு போச்சு" என்ற தீர்ப்பு சில சமயம் சோதனைக்கு முன்பே வந்துவிடும். கேபினெட்டிலிருந்து எடுத்து, வேறு எஸ்எம்பிஎஸ், ஒரே ஒரு ரேமோடு வெறும் போர்டாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கேபினெட்டில் ஷார்ட் ஆகியிருந்தால் வெளியே வைத்ததும் ஓடிவிடும்.

நண்பரிடம் எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்குவதாக இருந்தால், கழற்றி மாட்டும் கேபிள் உள்ள மாடல் என்றால் அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்கி வாருங்கள். பெட்டிப் பக்கத்துப் பின் அமைப்பு கம்பெனிக்குக் கம்பெனி வேறு. உங்கள் பழைய கேபிள் அதில் பொருந்தலாம், பொருந்தியும் ஹார்ட் டிஸ்கை எரித்துவிடலாம்.