மஞ்சளா, முத்துப்புள்ளியா? குஞ்சு எடுக்க நினைப்பவருக்கு எந்தக் கொக்கட்டீல்

கொக்கட்டீல் என்ற சின்னக் கொண்டைக் கிளியை வளர்ப்பது என்று முடிவெடுத்த பிறகு பலரும் நின்று யோசிப்பது நிறத்தில்தான். கடையில் ஒரே கூட்டுக்குள் சாம்பல், மஞ்சள், புள்ளி போட்டது, வெள்ளை முகம் எல்லாம் கலந்து நிற்கும். எது வடிவு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், அதில் சண்டைக்கு இடமில்லை. ஆனால் குஞ்சு எடுக்க நினைப்பவருக்கு நிறம் வெறும் அழகு விஷயம் இல்லை. எது ஆண், எது பெண், குஞ்சு என்ன நிறத்தில் வரும், வந்த நிறம் அடுத்த வருஷமும் நிலைக்குமா என்பதெல்லாம் நாம் எந்தச் சோடியைத் தெரிவு செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. கொழும்பு வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருக்கும் நாங்கள் மஞ்சளான லூட்டினோவா, முத்துப்புள்ளி போட்ட பேர்லா என்று நிறைய விசாரித்து, கடைசியில் லூட்டினோ ஆண் ஒன்றையும் சாதாரண சாம்பல் பெண் ஒன்றையும் சோடி சேர்த்தோம். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

முதலில் இந்த நிறங்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். கொக்கட்டீல் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுப் பறவை. காட்டில் திரிவது சாம்பல் உடல், சிறகில் வெள்ளைப் பட்டை, கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு என்று ஒரே மாதிரித்தான். 1960 வாக்கிலிருந்தே அந்த நாடு தன் பறவைகளை வியாபாரத்துக்காக வெளியே விடுவதில்லை. ஆகவே நம் கடைகளில் இருப்பவை பல தலைமுறையாகக் கூட்டில் பிறந்தவை. நிற மாற்றங்களும் கூட்டில் தற்செயலாகத் தோன்றி, வளர்ப்பவர்களால் பெருக்கப்பட்டவை. திட்டுத் திட்டாக நிறம் விட்டிருக்கும் பைட் 1949இல் கலிபோர்னியாவிலும், மஞ்சளான லூட்டினோ 1958இல் புளோரிடாவிலும், முத்துப்புள்ளி போட்ட பேர்ல் 1967இல் மேற்கு ஜேர்மனியிலும் முதலில் வந்தன.

இறகில் இருப்பது இரண்டு சாயம். சாம்பலும் கறுப்பும் மெலனினால் வருகின்றன. மற்றது கிளியினத்துக்கே உரிய மஞ்சள் சாயம், கன்னப் பொட்டும் அதன் வேலைதான். மெலனின் இல்லாமல் போனால் லூட்டினோ: வெள்ளையில் மஞ்சள் பூசிய உடல், சிவந்த கண். மஞ்சள் சாயம் இல்லாமல் போனால் கன்னப் பொட்டே இல்லாத வெள்ளை முகம். இரண்டும் இல்லையென்றால் முழு வெள்ளை, அதைத்தான் அல்பினோ என்று விற்கிறார்கள். பேர்லில் மெலனின் இருக்கிறது. ஆனால் முதுகு இறகுகளின் ஓரத்தில் மட்டும் தங்கி, நடுவை வெளிறலாக விட்டுவிடுகிறது.

சாப்பாடு, கூடு, சத்தம் ஆகியவற்றில் நிறத்துக்கு நிறம் வித்தியாசம் இல்லை. தினை, சாமை, அளவாகச் சூரியகாந்தி விதை, முருங்கை இலை, கங்குன் கீரை, கூட்டுக் கம்பியில் செருகிய கணவாய் ஓடு, இவை எல்லாவற்றுக்கும் பொது. எந்த நிறமானாலும் இறகிலிருந்து வெண்பொடி உதிரும், வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் யோசித்துத்தான் எடுக்க வேண்டும். ஒட்டாத தாச்சியை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் வரும் புகை எந்த நிறக் குருவியையும் கொன்றுவிடும். விலையில் சாம்பல் கீழே, மற்றவை மேலே.

இனி எங்கள் முடிவைத் தீர்மானித்த விஷயத்துக்கு வருகிறேன். கொக்கட்டீல் ஒரு ஈட்டுக்கு நாலு முதல் ஆறு முட்டை இடும். கொழும்பில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால், முட்டையிடும் பெட்டியைக் கழற்றி வைக்காவிட்டால் திரும்பத் திரும்ப முட்டை வைக்கும். ஃபிளாட்டில் இருப்பவர் அத்தனை குஞ்சையும் வைத்திருக்க முடியாது. யாருக்காவது கொடுக்கத்தான் வேண்டும், காசுக்கோ சும்மாவோ. வாங்க வருபவர் கேட்கும் முதல் கேள்வி, "ஆணா பெண்ணா?" விசிலடிக்கவும் இரண்டு சொல் கதைக்கவும் ஆண்தான் கெட்டி என்பதால் பெரும்பாலானோர் ஆணைத்தான் தேடுவார்கள். சோடி சேர்க்க வருபவருக்கோ பெண் தேவை.

சாம்பல் சோடியின் குஞ்சுகள் எல்லாம் முதல் இறகு உதிரும்வரை பெண்ணைப் போலவே இருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகுதான் ஆணின் முகம் பளிச்சென்று மஞ்சளாகும். அதுவரை நாம் சொல்வது ஊகம். இரண்டும் லூட்டினோவாகச் சோடி சேர்த்தால் நிலைமை இன்னும் சிக்கல். எல்லாக் குஞ்சும் மஞ்சள், வளர்ந்த பிறகும் முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

லூட்டினோ ஆணையும் சாம்பல் பெண்ணையும் சேர்த்தால் இந்தச் சிக்கல் முழுதாகத் தீர்ந்துவிடுகிறது. மரபணுக்களைச் சுமப்பவை குரோமோசோம்கள். பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம், பெண்ணுக்கு ஒன்றுதான். லூட்டினோ மரபணு இருப்பது அந்த இசட்டில். மகள் தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்து பெறுகிறாள். தகப்பன் மஞ்சள் என்றால் மகளும் மஞ்சள், தப்பவே முடியாது. மகனுக்குத் தாயின் சாம்பல் இசட்டும் சேர்ந்து வந்து மஞ்சளை மறைப்பதால் அவன் பார்வைக்குச் சாம்பல், உள்ளே மஞ்சளைச் சுமப்பவன். குருவி வளர்ப்பவர்கள் இதை ஸ்பிளிட் என்பார்கள். ஆக, இந்தச் சோடியின் கூட்டில் மஞ்சள் எல்லாம் பெண், சாம்பல் எல்லாம் ஆண்.

இறகு முளைக்கும்வரைகூடக் காத்திருக்கத் தேவையில்லை. பொரித்த குஞ்சுக்குக் கண் மூடியிருக்கும், உடம்பில் மஞ்சள் பூனைமயிர் மட்டும்தான். காலையில் ஆண் பறவை அடைக்கு உட்காருவதற்கு முன் பெட்டியை மெல்லத் திறந்து, குஞ்சின் தலையைப் பக்கவாட்டில் பாருங்கள். மூடிய இமைத் தோலுக்கு அடியில் கண் புடைப்பு சிலதில் கருநீலமாகத் தெரியும், சிலதில் வெளிறிய சிவப்பாகத் தெரியும். சிவப்பு என்றால் லூட்டினோ, எங்கள் சோடியில் அப்படியென்றால் பெண். விரலளவு கூட இல்லாத ஒரு சதைத் துண்டைப் பார்த்து, இது பெண் என்று அடித்துச் சொல்ல முடிகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது வீட்டில் எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்றோம்.

எல்லா உயிரிலும் இந்த வசதி கிடையாது. அமெரிக்காவில் கிங் ஸ்னேக் பாம்புகளை நிறத்துக்காக வளர்ப்பவர்களுக்கு அல்பினோ என்பது ஒடுங்கு மரபு, அதாவது தாய் தகப்பன் இரண்டிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். அல்பினோ ஒன்றைச் சாதாரணப் பாம்போடு சேர்த்தால் குட்டிகள் எல்லாம் சாதாரண நிறத்தில்தான் வரும், ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இல்லை. அந்தக் குட்டிகள் வளர்ந்து தங்களுக்குள் சேரும்போதுதான் நாலில் ஒன்று என்ற கணக்கில் நிறம் திரும்பிவரும். வெள்ளை முகக் கொக்கட்டீலும் அந்த வகைதான். லூட்டினோவும் பேர்லும் ஆண் பெண்ணைத் தீர்மானிக்கும் இசட்டோடு போகும் பால்வழி மரபு என்பதால்தான் முதல் தலைமுறையிலேயே பதில் கிடைக்கிறது.

அப்படியென்றால் பேர்லும் அதே வேலையைச் செய்யுமே என்று கேட்கலாம். கணக்கு அதேதான். பேர்ல் ஆணோடு சாம்பல் பெண்ணைச் சேர்த்தால் மகள்கள் புள்ளி, மகன்கள் சாம்பல். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. பேர்ல் ஆண் பருவத்துக்கு வரும்போது மெலனின் கூடிப் புள்ளிகளை மூடிவிடும். முதல் இறகு உதிர்வோடு முத்துகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய், ஒரு வயதில் அது சாதாரணச் சாம்பல் ஆணாக நிற்கும். கழுத்தோரம் இரண்டொரு புள்ளி எஞ்சினால் உண்டு. மரபணு உள்ளேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது.

கொட்டாஞ்சேனையில் என் மச்சான் ஒருவர் பேர்ல் சோடி வைத்திருக்கிறார். இரண்டும் பேர்ல் என்பதால் குஞ்சுகள் எல்லாமே புள்ளியோடு, பார்க்க அவ்வளவு வடிவு. ஒரு பெண்பிள்ளை வந்து தன் மகளுக்கென்று இரண்டைத் தெரிந்து வாங்கிப் போனார். அடுத்த வருஷம் அவரிடமிருந்து அழைப்பு. "அண்ணா, புள்ளி எல்லாம் போயிட்டுது. ஏதும் வருத்தமோ? பிள்ளை அழுறாள்." மச்சான் நடந்ததைச் சொல்லிப் புரிய வைத்தார். அவர் நம்பினாரா தெரியவில்லை, குருவியை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். நிறத்தைப் பார்த்து ஒருவர் வாங்கும்போது அந்த நிறம் நிலைக்காது என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும். சொன்னால் பாதிப் பேர் போய்விடுவார்கள். லூட்டினோவில் இந்தச் சங்கடம் இல்லை, பதினைந்து வருஷம் இருந்தாலும் மஞ்சள் மஞ்சள்தான்.

சந்தையிலும் இது கையைக் கடிக்கும். வளர்ந்த பேர்ல் ஆணுக்கும் சாம்பல் ஆணுக்கும் வெளியில் வித்தியாசம் இல்லாததால், "இது பேர்ல் ஆண்" என்று ஒருவர் கூடுதல் விலை சொன்னால் அவர் வார்த்தையைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது.

பேர்லுக்கு உரியதையும் கொடுக்க வேண்டும். பேர்ல் பெண் தன் புள்ளிகளை ஆயுள் முழுதும் வைத்திருக்கும். குஞ்சு எடுக்கும் எண்ணமே இல்லை, ஒரே ஒரு குருவி போதும், விசில் வேண்டாம் என்பவருக்கு அதைவிட அழகான தெரிவு எனக்குத் தெரியாது. கண் கறுப்பு, உச்சியில் வழுக்கை கிடையாது.

லூட்டினோவின் குறை இந்த வழுக்கையில் தொடங்குகிறது. கொண்டைக்குப் பின்னால், இறகைக் கிளப்பும்போது, வெறும் தோல் ஒரு காசளவு தெரியும். நோய் இல்லை. நிறத்துக்காகவே மஞ்சளோடு மஞ்சளைத் தொடர்ந்து சேர்த்ததில் பரம்பரையாக ஊன்றிப்போனது. சாம்பல் பெண்ணைச் சேர்த்ததற்கு இது எங்கள் இரண்டாவது காரணம். எங்கள் மஞ்சள் குஞ்சுகளுக்குத் தகப்பனை விட உச்சி மூடியிருக்கிறது. ஆனால் ஒரு சோடியை வைத்துக்கொண்டு இதைச் சட்டமாகச் சொல்ல மாட்டேன்.

இரவில் பயந்து கூட்டுக்குள் அடித்துக்கொள்வது கொக்கட்டீல் எல்லாவற்றுக்கும் உள்ள பழக்கம். லூட்டினோவுக்கு அது கூடுதல் என்று வளர்ப்பவர்கள் சொல்வார்கள், எங்கள் அனுபவமும் அதுதான். கரையோர ரயில் சத்தம் அதற்குப் பழகிவிட்டது. பழகாதது தீபாவளி வெடியும், டிசம்பர் 31 நள்ளிரவும், சுவரில் திடீரென ஓடும் பல்லியும். கும்மிருட்டில் பயந்தால் அது கம்பியில் மோதி வளரும் இறகை முறித்துக்கொள்ளும். முறிந்த இடத்திலிருந்து இரத்தம் நிற்காமல் கசியும், சோள மாவை வைத்து அழுத்திப் பிடிக்க வேண்டும். ஸீரோ பல்ப் ஒன்றை இரவு முழுக்க எரியவிட்டதும், கூட்டை முழுதாகப் போர்த்தாமல் ஒரு பக்கம் திறந்து வைத்ததும் எங்களுக்குப் பெரிய வித்தியாசத்தைத் தந்தன. சாம்பல் பெண்ணுக்கு இந்த ஏற்பாடு எதுவுமே தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன். வெளிநாடு, ஊர் என்று அடிக்கடி பூட்டிவிட்டுப் போகும் வீடென்றால், சாம்பல் சோடியே போதும் என்று தயங்காமல் சொல்வேன்.

வெள்ளை முகத்தை நான் வளர்த்ததில்லை, தெரிந்தவர் வீட்டில் பார்த்ததோடு சரி. ஒடுங்கு மரபு என்பதால் குஞ்சின் பாலைச் சொல்ல அது உதவாது, அதனால் எங்கள் பட்டியலில் அது இருக்கவில்லை.

எங்கள் வழியில் போக நினைப்பவருக்கு உண்மையான கஷ்டம், நம்பகமான லூட்டினோ ஆண் ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான். கடையில் "சோடிதான் தம்பி, யோசிக்காதீங்க" என்று இரண்டு மஞ்சளை எடுத்து நீட்டுவார்கள். வால் இறகின் அடிப்பக்கத்தை வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வளர்ந்த பெண் என்றால் வெள்ளையில் மங்கலான மஞ்சள் வரிகள் குறுக்கே ஓடும், ஆணில் வெறுமையாக இருக்கும். மேகமூட்டமான நாளில் இது தெரியாது. அப்புறம் அரை மணி நேரம் நின்று கேளுங்கள். ஆண் நீளமாக விசிலடிக்கும், தோளை அகட்டிச் சிறகைத் தூக்கிக்கொண்டு நடக்கும், அலகால் கூட்டைத் தட்டும்.

இவற்றை விட உறுதியானது ஒரு கேள்வி: தாய் என்ன நிறம்? மஞ்சள் மகன் பிறக்க வேண்டுமென்றால் தாயும் மஞ்சளாக இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அவனுடைய இரண்டு இசட்டில் ஒன்று அவளுடையது. தாய் சாம்பல் என்று விற்பவரே சொன்னால், அவர் கையிலிருக்கும் மஞ்சள் குஞ்சு பெண்தான், அவர் ஆண் என்று எவ்வளவு சொன்னாலும். நாங்கள் கடையை விட்டுவிட்டு, வீட்டில் வளர்ப்பவர் ஒருவரிடம் தாய் தகப்பன் இரண்டையும் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்கள் ஆணை வாங்கினோம். சோடியை மாற்றிப் போட்டு, சாம்பல் ஆணுக்கு மஞ்சள் பெண்ணைச் சேர்த்தால், அந்த ஆண் ஸ்பிளிட்டாக இருந்தாலொழிய குஞ்சுகள் எல்லாம் சாம்பலாகவே வரும்.

எங்கள் மஞ்சள் பெண்களைக் கேட்டு ஆள் வருவதில் குறைவில்லை. சாம்பல் மகன்களுக்குத்தான் விளக்கம் தேவைப்படுகிறது. வீட்டில் ஏற்கெனவே மஞ்சள் பெண் வைத்திருப்பவருக்கு இந்த ஸ்பிளிட் ஆண் நல்ல பொருத்தம், அந்தச் சோடியில் மகன்களிலும் மகள்களிலும் சராசரியாகப் பாதி மஞ்சளாக வரும். கொடுக்கும்போது தகப்பனின் நிறத்தையும் பொரித்த திகதியையும் ஒரு துண்டில் எழுதிக் கூட்டோடு கட்டி விடுகிறோம், வாங்குபவர் நாளைக்கு இன்னொருவருக்குக் கொடுத்தாலும் விபரம் கூடவே போகட்டும் என்று.