அம்மா மோதிரத்தைச் சிறிதாக்கித் தந்த ஊட்டி சந்துப் பட்டறை

ஊட்டி மெயின் பஜாரில் பெரிய நகைக்கடைகளைத் தாண்டி உள்ளே போகும் சந்தில் ஒரு நகைப் பட்டறை இருக்கிறது. பெயர்ப் பலகை கிடையாது. மரப்படி ஏறினால் ஒரு ஜன்னல், ஒரு மேசை, வயதான ஒரு பத்தர், அவ்வளவுதான். மோதிரம் லூசாக இருக்கிறது, சிறிதாக்க வேண்டும் என்று யார் கேட்டாலும் இனி இங்கேதான் அனுப்புவேன். குறைகளும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மோதிரம் அம்மா போட்டிருந்தது. தொண்ணூறுகளில் வாங்கியது, நடுவில் ஒற்றைச் சிவப்புக்கல், உள்பக்கம் கே.டி.எம். என்று, அதாவது கேட்மியம் கலந்த பற்றால் ஒட்டிய நகை என்று, அடித்திருக்கும். அம்மாவுக்கு 17ஆம் நம்பர் அளவு. எனக்கோ விரல் கணு தடிமன், அடிவிரல் ஒல்லி. கணுவைத் தாண்டும்வரை மோதிரம் அளவாகத்தான் தெரியும். தாண்டியதும் சுற்ற ஆரம்பித்துவிடும், கல் உள்ளங்கைப் பக்கம் போய் நிற்கும். கேத்தியில் கேரட் கழுவும் இடத்தில் எனக்கு வேலை. தை மாதத் தண்ணீரில் கை வைத்தால் விரல் சுருங்கி, மோதிரம் தானாகவே கழன்று வரும். எல்லா வீட்டிலும் செய்வதுபோல நூல் சுற்றியும் பார்த்தேன். ஈரத்தில் ஊறி, கறுத்து, ஒரே நாற்றம்.

முதலில் கோயம்புத்தூரில் ஒரு பெரிய கடையில் கேட்டேன். "இதைக் கொடுத்துட்டுப் புதுசா எடுத்துக்கோங்க மேடம்" என்றார்கள். பழசுக்குக் கழிவு, புதுசுக்குச் செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. சரி, காசை விடுங்கள், அம்மா மோதிரத்தை உருக்கக் கொடுத்துவிட்டு நான் எதைப் போட்டுக்கொள்வது?

பத்தர் அப்படி எதுவும் பேசவில்லை. மோதிரத்தைக் காதருகே வைத்துக் குலுக்கினார், கல் ஆடுகிறதா என்று. பிறகு லென்ஸ் வைத்து அடிப்பக்கம் பார்த்தார். கல்லின் அடி மூடாத திறந்த கட்டு என்பதால் பிரச்சினை இல்லை. அரக்கும் தாளும் வைத்து மூடிக் கட்டிய கல் என்றால், நெருப்புக் காட்டும் முன் கழற்றியாக வேண்டும். முத்து, பவளம், மரகதம் எதுவும் சூடு தாங்காது. என் மோதிரத்துச் சிவப்புக்கல் தாங்கும் என்றார்.

அப்புறம் அளவு. நம்பர் போட்ட அளவு வளையக் கொத்தை மாட்டிப் பார்த்தால் 13 சரியாக உட்கார்ந்தது. "13க்கே குறைச்சிடுங்க பத்தரே" என்றேன். அவர் கேட்கவில்லை. "காலைக் குளிர்ல அளவெடுத்தா விரல் ஏமாத்தும்மா. டீ குடிச்சிட்டு, கொஞ்சம் நடந்துட்டு வாங்க." போய்விட்டு வந்தேன், 13 கணுவிலேயே நின்றுவிட்டது, 15 வேண்டியிருந்தது. "மேட்டுப்பாளையம் இறங்கினா இன்னும் ஊதும். அங்க போய்க் கழட்ட முடியாம சோப்பு தேடுவீங்க." நம்ம ஊர் மோதிர அளவில் ஒரு நம்பர் என்றால் சுற்றளவில் ஒரு மில்லிமீட்டர். நான் சொன்னபடி செய்திருந்தால் நாலு மில்லிமீட்டர் போயிருக்கும். அவர் இரண்டுதான் வெட்டினார்.

வேலை முழுவதும் என் கண்ணெதிரே நடந்தது. முதலில் எடை போட்டுக் காட்டினார்: 4.210 கிராம். கல்லுக்கு நேர் எதிரே, அடியில், பழைய பற்று (வளையத்தின் வாயை ஒட்டிய உலோகம்) இருந்த இடத்தையும் சேர்த்து மயிரிழை ரம்பத்தால் அறுத்தார். பழைய கே.டி.எம். பற்றில் கேட்மியம் இருக்கும், சூடாக்கினால் வரும் புகை நுரையீரலுக்கு ஆகாது. அதனால் வெட்டியதில் பற்று இருந்த துண்டை மட்டும் தனியாக ஒரு காகிதத்தில் மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார், 60 மில்லிகிராம். மீதித் துண்டை இரண்டாக்கிக் கரியின் மேல் வைத்து ஊதினார். தகடு ஓரம் மழுங்கி, சட்டென்று சுருண்டு, கடுகு மாதிரி இரண்டு உருண்டைகளாகி நின்றது. அதைப் பார்க்கவே இன்னொரு முறை போகலாம்.

மோதிரத்தை மரச்சுத்தியால் தட்டி வாயைச் சேர்த்து, கல்லைச் சுற்றி ஈரத்துணி கட்டி, வெங்காரம் தடவி, பற்றுப்பொடி வைத்து, நெருப்பு ஊதி ஒட்டினார். அந்த இரண்டு உருண்டைகளையும் உள்பக்கம் அடியில் சற்று இடைவெளி விட்டு ஒட்டினார். கணுவைத் தாண்டும்போது லேசாக உரசும், அடிவிரலில் உட்கார்ந்தபின் மோதிரத்தைத் திரும்ப விடாது. கல் இப்போது மேலேயே நிற்கிறது. கேரட் தண்ணீரிலும் கழலவில்லை. முடிந்தபின் எடை 4.130. காகிதத்தில் இருக்கும் 60 போக 20 மில்லிகிராம் அரத்திலும் பாலிஷிலும் போயிருக்கிறது. அதையும் அவரேதான் கணக்குச் சொன்னார். கூலி 400 ரூபாய்.

குறைகள். பணம் கையில் வேண்டும், ஜிபே கிடையாது. பில் கேட்டால் துண்டுச் சீட்டில் எழுதித் தருவார். உட்கார இருப்பது ஒரே ஒரு ஸ்டூல், எனக்கு முன்னால் தாலிக்குண்டு கோக்க வந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாலிஷ் போடுகிறேன் என்று அம்மா கையில் தேய்ந்த பழைய மங்கலையும் துடைத்துவிட்டார். எனக்கு அது வருத்தம்தான், முன்கூட்டியே சொன்னால் உள்பக்கம் மட்டும் போடுவாராம். உருண்டைகளுக்கு இடையில் அழுக்கு சேர்கிறது, பழைய டூத் பிரஷால் தேய்க்க வேண்டும்.

சுற்றிலும் கல் பதித்த மோதிரத்தை அவர் வேலைக்கு எடுப்பதில்லை, வெட்ட இடம் இல்லை. புது மோதிரம் என்றால் உள்ளே ஹால்மார்க் முத்திரையோடு ஆறு இலக்கத்தில் எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் இருக்கும். அந்த இடத்தில் ரம்பம் படாமல் வெட்டச் சொல்லுங்கள். மதியத்துக்கு மேல் போவது நல்லது, விரலும் சரியாக இருக்கும், ஸ்டூலும் காலியாக இருக்கும்.