முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பெட்டி: தொடக்கப் பள்ளி ஓவியத் தொகுப்பு ஒன்றின் மதிப்பீடு

சேலம் சின்னக்கடை வீதிப் பக்கம் உள்ள எழுதுபொருள் மொத்தக் கடை ஒன்றில், தொடக்கப் பள்ளிகளுக்கென்றே ‘வகுப்பு ஓவியத் தொகுப்பு’ என்று ஓர் அட்டைப் பெட்டி விற்கிறார்கள். விலை 1,850 ரூபாய். முப்பது பிள்ளைகளுக்கு ஒரு பருவம் முழுவதும் வரும் என்று பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கிறது. இரண்டாம் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் பயன்படுத்திப் பார்த்ததில், பெட்டியில் பாதி நல்ல சரக்கு என்றே சொல்வேன். மீதியில் சில பணத்துக்குக் கேடு. ஒன்று மட்டும் வகுப்புக்கே கேடு.

நல்லதை முதலில் சொல்லிவிடலாம். 25 நிற ஆயில் பேஸ்டல் டப்பாக்கள் ஆறு இருக்கின்றன. கட்டை பருமனாக இருப்பதால் ஆறு வயதுப் பிள்ளையின் பிடிக்கு அடங்குகிறது. மெழுகோடு எண்ணெயும் கலந்த சரக்காதலால், கையை அழுத்தாமல் இழுத்தாலே நிறம் தாளில் நிற்கிறது. ஒரு நிறத்தின் மேல் இன்னொன்றைத் தேய்த்து விரலால் குழைக்கவும் முடிகிறது. நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட்டை வெட்டிக் கொடுத்து இதில் வரையச் சொன்னால், வெள்ளைத் தாளில் எடுபடாத வெள்ளைக் கட்டைக்கும் வேலை வந்துவிடுகிறது. மாக்னசைட் வெட்டியெடுக்கும் வெள்ளைக்கல் மேடுகளைத் தினமும் பார்த்து வளரும் பிள்ளைகள் அந்தப் பழுப்புத் தாளில் வெள்ளையை அப்பிய விதத்தைப் பார்த்தபோது, இந்த ஆறு டப்பாக்களுக்காகவே பெட்டியை வாங்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

மெழுகுக் கிரேயான்கள் அப்படியல்ல. மெல்லிய குச்சிகள், அழுத்தாவிட்டால் நிறம் ஏறாது, அழுத்தினால் ஒடிந்துவிடும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிரேயானும் வண்ணப் பென்சிலும் விலையில்லாமல் கிடைக்கும் நிலையில், அதையே இன்னொரு முறை காசு கொடுத்து வாங்குவதற்குக் காரணம் இல்லை. ஆனால் கிரேயானுக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு வேலை உண்டு. வெள்ளைத் தாளில் வெள்ளைக் கிரேயானால் அழுத்தமாக வரைய வைத்து, அதன்மேல் தண்ணீராகக் கரைத்த நீல போஸ்டர் கலரை அகலப் பிரஷால் பூசினால், மெழுகு ஏறிய இடத்தில் தண்ணீர் ஒட்டாமல் விலகிவிட, அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கோடுகள் ஒவ்வொன்றாக வெளியே வரும். இரண்டாம் வகுப்பில் இதைச் செய்யும்போது சத்தத்தை அடக்க முடியாது. பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது நல்லது.

அந்த நீலத்துக்குத்தான் பஞ்சம். போஸ்டர் கலர் 12 நிறங்களில், கண்ணுக்கு மருந்து விடும் அளவுக்குச் சின்னச் சின்னப் புட்டிகளாக வருகிறது. முப்பது பேர் பிரஷ் நனைத்தால் அடுத்த ஓவிய வகுப்புக்கே மிஞ்சாது. ஆயத்தமாகக் கலந்து வைத்த பச்சையும் ஊதாவும் தொடக்க வகுப்புக்குத் தேவையே இல்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய ஐந்தும் பெரிய புட்டிகளில் இருந்தால் போதும். மாங்கொழுந்தின் செம்பு நிறத்தையும் முற்றிய இலையின் கரும்பச்சையையும் பிள்ளைகளே கலந்து கண்டுபிடிப்பார்கள். புட்டியில் வரும் கிளிப்பச்சையில் எந்த மாமரமும் இல்லை.

பிரஷ்களெல்லாம் 2, 4 எண் கொண்ட மெல்லியவை. தகரப் பட்டைக்குள் வைத்த பசை தண்ணீரில் இளகி, மயிர் கொத்தாக ஓவியத்தில் ஒட்டிக்கொள்கிறது. சிறு பிள்ளைகள் பிரஷைத் தாளில் குத்தித் தேய்ப்பார்கள் என்பது தெரிந்த விஷயம்தான். அதைத் தாங்கும் 10, 12 எண் தட்டைப் பிரஷ்களைத்தான் வைத்திருக்க வேண்டும். தாள் ஜெராக்ஸ் எடுக்கும் 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 75 கிராம் எடை) ரகம், ஈரம் பட்டதும் சுருண்டுவிடுகிறது. பசையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: ஒட்டவில்லை. குச்சிக்கிழங்கு மாவுக்குப் பேர்போன இந்த ஊரில் அதை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. ஒரு பங்கு மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மொத்தம் ஐந்து பங்கு தண்ணீர் வரும்படி விட்டுக் கண்ணாடி போலத் தெளியும் வரை காய்ச்சினால் நல்ல பசை கிடைக்கும். அதிலேயே உணவுக்கான நிறப்பொடியைக் கலந்தால் விரலால் வரையும் வண்ணமும் ஆயிற்று. மறுநாளே புளித்துவிடும் என்பதால் அன்றன்றைக்குக் காய்ச்சிக்கொள்ள வேண்டும்.

வகுப்புக்கே கேடு என்று நான் சொன்னது, இலவச இணைப்பாக வரும் முப்பது வண்ணம் தீட்டும் புத்தகங்களை. ஒரு பக்கத்தில் இரண்டு முக்கோண மலைகள், நடுவில் சூரியன், கீழே ஆறு, ஓரத்தில் ஒரு குடிசையும் தென்னை மரமும். எங்கள் வகுப்பின் சன்னலில் சேர்வராயன் மலை தெரிகிறது. அது முக்கோணமாகவும் இல்லை, இரட்டையாகவும் இல்லை. நீண்டு கிடக்கிறது, உச்சியில் சேர்வராயன் கோயில் இருக்கும் இடமோ விரிந்த சமதளம். ஏற்காட்டுக்குப் போய் வந்த பிள்ளைகூட, புத்தகத்தைப் பார்த்த மறுவாரம் முக்கோணம்தான் போட்டது. ஏழு முதல் ஒன்பது வயது வரை பிள்ளை தான் அறிந்ததற்குத் தனக்கென்று ஓர் உருவத்தை அமைத்துக்கொள்ளும் பருவம் என்று வகுத்த கலைக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட், இத்தகைய புத்தகங்களைக் கடுமையாக எதிர்த்தார். அச்சடித்த கோட்டுக்குள் நிறம் வெளியே போகாமல் தீட்டுவது கைக்குப் பழக்கமாகலாம். ஆனால் தன் மலையைத் தானே வரையத் தொடங்கும் வயதில் இன்னொருவரின் மலையைக் கையில் கொடுத்தால், பிள்ளை சன்னல் பக்கம் திரும்புவதையே விட்டுவிடுகிறது.

கடையின் சேவையில் குறை சொல்ல அதிகம் இல்லை. பள்ளியின் பெயரில் முறையான பில் போட்டுத் தந்தார்கள். மயிர் கொட்டிய பிரஷ்களை எடுத்துப் போனபோது மறுபேச்சில்லாமல் மாற்றினார்கள், மாற்றித் தந்ததும் அதே ரகம்தான் என்றாலும். பேஸ்டலை மட்டும் தனியாகக் கேட்டதற்கு, “பெட்டிய பிரிச்சுத் தர முடியாதுங்க டீச்சர், வேணும்னா சில்லறை ரேக்குல பாருங்க” என்றார் கடைக்காரர். பார்த்தேன். அதே பேஸ்டல் அங்கே தனியாக இருந்தது. ஐந்து நிறப் பெரிய புட்டிகளும், தட்டைப் பிரஷ்களும், 120 ஜிஎஸ்எம் டிராயிங் தாளும்கூட இருந்தன. எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பெட்டியின் விலையைவிடச் சற்றே கூடுதலாகிறது. ஜூனில் பள்ளி திறக்கும்போது வாங்க நினைப்பவர்கள் பெட்டியை விட்டுவிட்டு நேராக அந்த ரேக்குக்குப் போகலாம்.