சிலுவை டாலர், ஊதா முத்து, ஒரு அட்டை: ராமேஸ்வரத்துச் சிப்பிக் கடை

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும் கடைக்காரத் தம்பியின் வாய்ச் சாமர்த்தியத்துக்கு.

கோயம்புத்தூரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. தனுஷ்கோடி போய், 1964 புயலில் இடிந்த சர்ச் முன்னால் போட்டோ எடுத்து, வெயிலில் வதங்கித் திரும்பும் வழியில் ஒரு சங்கு, சிப்பிக் கடையில் நின்றோம். கடைப் பெயர் வேண்டாம். 'உயிருள்ள சிப்பி, உங்கள் கண்முன் முத்து' என்று வாசலில் போர்டு. ஒரு சிப்பி உடைக்க 500 ரூபாய். முத்தை உள்ளே போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் கூண்டு டாலர் 250. டாலரில் சிலுவை, ஓம், பிறை மூன்றும் உண்டு. நாத்தனார் சிலுவையைத் தொட்டதும் தம்பி மேஜைக்கு அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து இலவசமாக நீட்டினான். 'முத்துச்சிப்பி தரும் ஐந்து ஆவிக்குரிய பாடங்கள்'. எங்களுக்குப் பின்னால் நின்றவர்கள் ஓம் டாலர் வாங்கினார்கள். அவர்களுக்கு அதே அளவு அட்டையில் ராசிபலன் போயிற்று.

நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மண்டபம் ஊர்க்காரி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1971-இல் கொச்சிக்குப் போகும்வரை எங்கள் மண்டபம் கேம்பில்தான் இருந்தது. அதன் பிறகும் இங்கே இருந்த கிளையில் அப்பா படகு வேலை பார்த்தார். அதனால் சிப்பி என்றால் எனக்குக் கொஞ்சம் தெரியும். தெரிந்துமா 750 ரூபாய் கொடுத்தாய் என்று கேட்காதீர்கள். நாத்தனார் மகள் ஆசைப்பட்டாள்.

"எந்தக் கடல் சிப்பி தம்பி?" என்று கேட்டேன்.

"நம்ம கடல்தான்க்கா. பாம்பன்."

நம்ம கடல் முத்துச்சிப்பி சின்னது, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். தட்டில் இருந்ததோ ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். கத்தியை வைத்ததும் மணிபர்ஸ் மாதிரித் திறந்துகொண்டது. உயிருள்ள சிப்பி அப்படித் திறக்காது. இரண்டு ஓடுகளையும் இறுக்கிப் பிடிக்கிற தசையை அறுத்தால்தான் வாயை விடும். கூடவே ஸ்கூல் லேபில் பாட்டிலுக்குள் பாம்பு வைத்திருப்பார்களே, அந்த வாடை. உள்ளே முத்து இருந்தது, ஊதா நிறத்தில். பல்லில் வைத்துத் தேய்த்தேன், நறநறவென்றது. அப்படியென்றால் கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இல்லை, முத்துதான். ஆனால் நன்னீர்ச் சிப்பியில் வளர்த்து, சாயம் ஏற்றி, மருந்துத் தண்ணீரில் போட்டு எங்கிருந்தோ வந்த முத்து. மன்னார் வளைகுடாவில் நம் கரைப் பக்கத்துப் பார்களில் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. பார் என்றால் கடலடியில் சிப்பி மண்டிக் கிடக்கிற திட்டு.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் காட்டினேன். "செத்த சிப்பிக்கு ஐநூறா?" என்றார். அவ்வளவுதான் அவர் விமர்சனம்.

சரி, அட்டைக்கு வருகிறேன். எனக்கு அதுதான் பெரிய விஷயம், ஏனென்றால் நான் சண்டே ஸ்கூல் டீச்சர்.

முதல் பாடம் நாம் எல்லாரும் பிரசங்கத்தில் கேட்டதுதான். மணல் துகள் ஒன்று சிப்பிக்குள் புகுந்து உறுத்துகிறது, சிப்பி கண்ணீர் விட்டுவிட்டு அதையே முத்தாக்குகிறது, உன் பாடும் ஒருநாள் முத்தாகும். நானே பல வருஷம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள் அப்பா கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, சுத்தி இருக்கிறதே மணல்தான். உள்ளே போனா துப்பிவிட்டுப் போகுது. மணலுக்கெல்லாம் முத்துன்னா நாம எல்லாரும் கோடீஸ்வரங்கதான்." நிஜத்தில் பெரும்பாலும் ஒட்டுண்ணிப் புழுவோ, சிப்பியின் ஓடு உண்டாகச் சுரக்கிற மெல்லிய சதையில் பட்ட காயமோதான் காரணம். அந்தச் சதையின் செல்கள் உள்ளே மாட்டிக்கொண்டு பை மாதிரி வளர்ந்து, பளபளப்பை அடுக்கடுக்காகச் சுரக்கின்றன.

இது வெறும் அறிவியல் திருத்தம் என்றால் விட்டுவிடுவேன். எங்கள் சபையில் ஒரு அக்காவின் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. துக்க வீட்டில் ஒருவர் இந்த மணல் கதையை ஆரம்பித்தார். அந்த அக்கா தலையை நிமிர்த்தி, "முத்து யாருக்குங்க? சிப்பிக்கா?" என்றார். யாரும் வாய் திறக்கவில்லை. முத்தை எடுக்கும்போது பெரும்பாலும் சிப்பி சாகிறது, அதை யாரோ கழுத்தில் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கதையை அதற்கப்புறம் நான் சொல்வதில்லை.

வளர்ப்பு முத்தின் கதை அட்டையில் இல்லை. தூத்துக்குடியில் நம் விஞ்ஞானிகள் 1973-இல் அதைச் சாதித்தார்கள். ஓட்டில் கடைந்த ஒரு மணியோடு, வேறொரு சிப்பியை அறுத்து எடுத்த சதைத் துணுக்கையும் சேர்த்து உள்ளே வைக்க வேண்டும். மணி மட்டும் போனால் முத்து வராது. அந்தச் சதையைக் கொடுத்த சிப்பி செத்துவிடும். பெரிய வெள்ளி தியானத்துக்கு இதை ஏன் யாரும் எடுப்பதில்லை என்று தெரியவில்லை.

இரண்டாவது பாடம், 'சிப்பியைப் போல் உலகத்துக்கு உன்னை மூடிக்கொள்'. மூடியே கிடந்தால் சிப்பி பட்டினிதான். வாயைத் திறந்து கடல் தண்ணீரை வடிகட்டித்தான் அது சாப்பிடுகிறது. மூன்றாவதும் நான்காவதும் ஆழம், பொறுமை என்று எந்தப் பிராணிக்கும் பொருந்தும். ஐந்தாவது, விலையுயர்ந்த முத்தைக் கண்டு எல்லாவற்றையும் விற்ற வியாபாரி. வசன எண் மத்தேயு 13:44 என்று அச்சாகியிருக்கிறது. அது நிலத்தில் புதைத்த பொக்கிஷம். முத்து 45, 46-இல் வருகிறது. அந்த வியாபாரி நல்ல முத்துகளைத் தேடித் திரிந்தவர், பார்த்ததும் தரம் தெரிந்தவர். ஊதா முத்து வாங்கிய நான் அவரோடு சேர்த்தி இல்லை.

இந்தப் பிராணியிடம் எனக்குப் பிடித்தது இரண்டு. ஒன்று, அது காலிலிருந்து நார் விட்டுப் பாறையைப் பிடித்துக்கொள்ளும்; நார் அறுந்தால் புது நார் விட்டு மறுபடி பிடிக்கும். 'கர்த்தர் என் கன்மலை' வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நார்தான் ஞாபகம் வருகிறது. இன்னொன்று, லேவியராகமம் 11-இன்படி தண்ணீரில் வாழ்கிறதில் சிறகும் செதிளும் இல்லாதது அருவருப்பு. சிப்பிக்கு இரண்டும் கிடையாது. தீட்டு. அப்படிப்பட்டதன் வயிற்றில் பிறந்ததைத்தான் இயேசு பரலோக ராஜ்யத்துக்கு உவமை சொன்னார். பைபிளின் கடைசியில் வருகிற பரலோக நகரமான புதிய எருசலேமின் பன்னிரண்டு வாசல்களும் பன்னிரண்டு முத்துகள். தீட்டு என்று ஒதுக்கியதன் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும் என்று இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது, வகுப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒருவன், "அப்ப நண்டும் தீட்டா டீச்சர்? நேத்து எங்க வீட்ல நண்டுக் குழம்பு" என்றான்.

டாலரின் கொக்கி இரண்டாவது வாரம் விட்டுக்கொண்டது. வியர்வை பட்டுக் கூண்டு கறுத்துவிட்டது. முத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. மெத்தென்ற துணியால் துடைத்து வையுங்கள், சென்ட் படக் கூடாது. வாங்கியே ஆக வேண்டுமென்றால் டாலரை விட்டுவிடுங்கள், சிப்பிக்குப் பேரம் பேசுங்கள், அட்டையைக் கேட்டு வாங்குங்கள். பின்பக்கம் வெறுமையாக இருக்கிறது. என்னுடையதில் லேவியராகமம் 11:10, வெளிப்படுத்தின விசேஷம் 21:21 இரண்டையும் பேனாவால் எழுதி சண்டே ஸ்கூல் ரெஜிஸ்டருக்குள் வைத்திருக்கிறேன்.